லாரிப் பலகையும் ஏரி ஆணையமும்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒரு ஆபீசுக்குப் போனால் மேசைக்குப் பின்னால் இருப்பவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் "முடியாது, போ" என்பான். நாமும் அவன் அப்பன் பாட்டனை எல்லாம் மனசுக்குள் விசாரித்துவிட்டு, வெளியே வந்து வேறு வழி பார்ப்போம். காரியம் அன்றைக்கே முடிந்துவிடும். இப்போது அப்படியா? உட்காருங்கள் என்கிறார்கள். தண்ணீர் தருகிறார்கள். வெயில் அதிகமோ என்று கேட்கிறார்கள். நாம் எதைச் சொன்னாலும், அதைக் கேட்பதற்காகவே பிறந்தவர்கள் மாதிரி தலையை ஆட்டுகிறார்கள். வெளியே வந்து தாடையைத் தடவிப் பார்த்தால் தாடி வளர்ந்திருக்கும், காரியம் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இது பிரேக்கின் கருத்து. லாரி ஓட்டிய காலத்தில் எவன் பின்னால் நின்று கையை ஆட்டி "வா வா, இடம் இருக்கு" என்றாலும் அவர் நம்பியதில்லை. முதலில் பிரேக்கை மிதிப்பார். இறங்கிப் போய்த் தன் கண்ணால் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வண்டி பின்னால் போகும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தோடு சேர்ந்து காலாவதியாகிவிட்டது.

காரியம் என்னமோ சின்னதுதான். பிரேக்கின் வீட்டுக் கொல்லை ஏரியில் போய் முடிகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் தங்கை இருந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகிவிட்டாள். தினமும் போனில் ஒரே கேள்வி. "அக்கா, எப்ப வர்றே?"

சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பஸ் குலுக்குகிற குலுக்கலில் தங்கைக்குப் பக்கத்திலேயே அக்காவுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதாகிவிடும். படகில் போனால் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அக்கரை. பிரேக்கிடம் படகு இருந்தது. அக்கரையில் இறங்கக் கல் படிகள் இருந்தன. ஆணையம் என்று ஒன்று பிறப்பதற்கு முன்னாலேயே எவரோ கட்டிவிட்டுப் போனவை, அதனால் உறுதியாக இருந்தன. இக்கரையில் இருந்தது சேறு மட்டும். வீட்டம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. போன தடவை படகில் ஏறப் போனவள் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டாள். ஆளை இழுத்து வெளியே எடுத்தார்கள். செருப்பு இன்னும் ஏரியிடம்தான் இருக்கிறது.

"நாலு பலகையைப் போட்டுவிட்டீங்கன்னா நான் பாட்டுக்கு நடந்து போயி ஏறிக்குவேங்க" என்றாள்.

பலகைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. லாரியை உடைக்கக் கொடுத்தபோது அதன் தளப் பலகைகளை மட்டும் பிரேக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். கருங்கல்லையும் இரும்புக் கம்பியையும் ஆயுள் முழுக்கச் சுமந்தவை. ஓரமெல்லாம் போல்ட் துளை. ஒரு பலகையில், கிளீனர் பையன் ஸ்டவ்வை வைத்துக் கருக்கிய வட்டம் ஒன்று பூரண சந்திரன் போல இருக்கும். அவற்றைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு கம்பம், நாலு பலகை, ஒரு காலை நேரம் போதும். அம்மாள் உள்ளே போய்த் தங்கைக்காக ஒரு பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாள்.

அப்போது மருமகன் வந்து சேர்ந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எதையும் முறையாகச் செய்தால் முறையாக நடக்கும் என்று நம்புகிற வயசு.

"மாமா, என்ன காரியம் பண்றீங்க? இப்ப ஏரிக்குன்னு ஆணையம் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு முறையா செய்யுங்க."

"என் கொல்லை, என் பலகை, என் பொண்டாட்டி. இதுல எவன்கிட்ட மாப்ளே சொல்லணும்?"

"தண்ணி அவங்களுது மாமா."

"அவன் அப்பனா ஊத்தி வச்சான்?"

"நல்லவங்க மாமா. ரொம்ப மரியாதையா பேசுவாங்க."

அதைக் கேட்டதும் பிரேக் பலகையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அம்மாள், "மாப்பிள்ளை சொல்றாரு, ஒரு எட்டுப் போயிட்டுத்தான் வாங்களேன். பின்னாடி வந்து பிடுங்கிப் போட்டானுங்கன்னா நான் நடு ஏரியிலயா நிக்கிறது?" என்றாள். பிரேக் சட்டையை மாட்டினார்.

ஏரிக்கரை நல்வாழ்வு ஆணையம் ஏரியைப் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை. தண்ணீரிலிருந்து வரும் வெளிச்சம் சுவரில் மாட்டியிருந்த ஏரிப் படத்தின் கண்ணாடியில் பட்டு ஊழியர்களுக்குக் கண் கூசுகிறதாம். உள்ளே ஒரு அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணைத் தவிர எல்லாம் சிரித்தது. பிரேக் அந்த நிமிஷமே அவருக்குச் 'சிரிப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்.

"சொல்லுங்க ஐயா. உங்க கனவு என்ன?"

"கனவெல்லாம் இல்ல தம்பி. பலகை."

விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "ரொம்ப அருமையான எண்ணம் ஐயா. நாங்க இதைத் தனியார் நீரணுகு கட்டமைப்புன்னு சொல்லுவோம்."

"நாங்க பலகைன்னு சொல்லுவோம்."

"கவலையே படாதீங்க. எங்க ஆணையத்துல 'முடியாது'ங்கிற வார்த்தையையே எடுத்துட்டோம். எங்க ஆணையர் பதவிக்கு வந்ததும் செஞ்ச முதல் சீர்திருத்தம் அது."

"அப்ப 'முடியும்'ங்கிற வார்த்தை இருக்கா?"

சிரிப்பு கொஞ்சம் யோசித்தார். "அது முன்னாடியே எடுத்தாச்சுங்க. இப்ப இருக்கிறது 'பரிசீலனை'தான். நீங்க எங்களை அதிகாரின்னு நினைக்கக் கூடாது. நாம எல்லாம் பங்காளிங்க."

"பங்காளின்னா சொத்துக்கு அடிச்சுக்கிறவன்தானே?" என்றார் பிரேக். மருமகன் அவர் காலை மெதுவாக மிதித்தார்.

அடுத்து, எதற்காகப் படகுத்துறை என்று கேட்டார் சிரிப்பு. கொழுந்தியாளைப் பார்க்கப் போக என்றார் பிரேக். அப்படி ஒரு வகை இல்லை. வணிகம், மீன்பிடி, பொழுதுபோக்கு, மூன்றே வகைதான். வணிகமில்லை, மீனுமில்லை. மிச்சமிருப்பது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குத் துறை என்றால் மிதவை வளையம், நிழற்குடை, சாய்வு நாற்காலி எல்லாம் இருந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தங்கச்சி எந்திரிக்க முடியாமக் கிடக்கா, அது இவனுங்களுக்குப் பொழுதுபோக்கா?"

அன்று மாலையே ஆணையத்தின் வண்டி வந்தது. ஆட்கள் வணக்கம் சொன்னார்கள். அனுமதிக்கு முன்பு பொருள் கரையில் கிடந்தால் பொருளுக்கு ஆபத்து என்று சொல்லி, நாலு பலகையையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது கையை ஆட்டினார்கள். பிரேக்கின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

கதவோரம் பை இருந்தது. தங்கை போன் செய்தாள். "நாளைக்கு வந்துடுவேன்டி" என்றாள் அக்கா. அதையே அதற்குப் பிறகும் பல நாள் சொல்ல வேண்டியிருந்தது.

பயிற்சிக்கு அழைத்தார்கள். படகுத்துறை வைத்துக்கொள்ள ஆசைப்படும் எவரும், அதில் நடக்கப் போகிற எவரும், எப்படி நடப்பது என்று கற்றுக்கொண்டாக வேண்டும். அம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய மண்டபம், குளிர்சாதனம், தரை முழுக்க நீலக் கம்பளம். பயிற்சியாளரைப் பார்த்தால், சிரிப்பேதான். சட்டையில் வேறு அட்டை குத்தியிருந்தார்.

"நீங்கதானே அன்னிக்கு ஆபீசுல?"

"ஆள் பற்றாக்குறைங்க ஐயா. இன்னிக்கு நான் பயிற்சி."

"படகுல போயிருக்கீங்களா தம்பி?"

"எனக்குத் தண்ணின்னா தலை சுத்தும். அதனாலதான் பாதுகாப்பைப் பத்தி என்னால உணர்ந்து பேச முடியுது."

நீலக் கம்பளம்தான் ஏரி. அதன் மேல் வெள்ளைச் சுண்ணத்தால் ஒரு கட்டம் போட்டிருந்தது. அது படகு. ஓரத்தில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் துறை. காகிதத்திலிருந்து கட்டத்துக்குள் கால் வைக்க வேண்டும். முன்னால் நின்ற வாட்டசாட்டமான ஒருவர் கால் வைத்தார், தேறிவிட்டார். அம்மாளின் முறை வந்தது. தடியை ஊன்றினாள், ஒரு காலை எடுத்தாள். முட்டி இடக்குப் பண்ணியது. கால் கோட்டுக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது.

சிரிப்பு முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க மூழ்கிட்டீங்க."

"என்னாது?"

"கோட்டுக்கு வெளியே தண்ணிங்க. மூழ்கினதாப் பதிவாகிடுச்சு."

"நான் நின்னுக்கிட்டுத்தானேப்பா இருக்கேன்?"

"அது எங்களுக்கும் தெரியுதுங்கம்மா. மூழ்கினவங்க அடுத்த முகாமுக்கு வந்து மறுபடி முயற்சி பண்ணலாம்."

"மூழ்கினவளுக்கு ஒரு நாற்காலியாவது போடுவியா?" என்றாள் அம்மாள். போட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. டீகூடக் கொடுத்தார்கள், உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுத்த அதே டீ. வெளியே வரும்போது மருமகன், "கோடு கொஞ்சம் குறுகலாத்தான் போட்டிருந்தாங்க அத்தை" என்றார். அவருடைய நம்பிக்கையில் விழுந்த முதல் கீறல் அது.

அடுத்து கருத்துக் கேட்பு. ஏரியைப் பாதிக்கும் எதையும் ஏரியைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பது ஆணையரின் கொள்கை. மேடையில் ஆணையர் உட்கார்ந்திருந்தார். பளபளவென்ற பூட்ஸ், படிய வாரிய தலை. பேச எழுந்தார்.

"என் அன்பு மக்களே! நான் உங்களுக்காகவே இருக்கேன். சிலர் கேக்கிறாங்க, ஆணையம் வந்து இத்தனை வருஷத்துல எத்தனை படகுத்துறை கட்டினீங்கன்னு. பெருமையா சொல்றேன், ஒண்ணுகூட இல்ல! ஆனா எத்தனை படகுத்துறைக்குத் திட்டம் போட்டிருக்கோம் தெரியுமா? கட்டின துறை ஒரு நாள் இத்துப் போகும். திட்டம் இத்துப் போகாது. எங்க கட்டடத்துக்கே ஒரு துறை வேணும்னு நாங்க எங்ககிட்டயே கேட்டிருக்கோம். நாங்களே எங்களைப் பரிசீலனையில வச்சிருக்கோம். எங்களுக்கே சலுகை காட்டாத நாங்க, உங்களுக்குக் காட்டுவோமா? அதுதான் நேர்மை!"

கைதட்டினார்கள். பிரேக் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்போது ஏரி பேசும்" என்றார் ஆணையர்.

நீலத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பு எழுந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஏரி. ஆதி காலத்திலிருந்து இங்கே கிடக்கிறேன். என் உடம்பில் ஒரு கம்பத்தை நடும்போது எனக்கு வலிக்கிறது."

பிரேக் எழுந்தார். மருமகன் சட்டையைப் பிடித்து இழுத்தார், சட்டைதான் இழுபட்டது.

"ஏரித் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஆபீசுக் கக்கூஸ் குழாய் நேரா உன் தலையிலதான் வந்து கொட்டுது. என் வீட்டுல இருந்து பார்த்தாத் தெரியும். அது வலிக்கலையா?"

ஏரி கண்ணைத் திறந்து ஆணையரைப் பார்த்தது. பிறகு மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தது.

"அது என்னோட தனிப்பட்ட விஷயம்" என்றது.

"அப்ப என் பொண்டாட்டி நடக்கிறது மட்டும் எப்படிப்பா பொது விஷயமாச்சு?"

ஏரிக்கு நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

வீட்டில் பை அதே இடத்தில் இருந்தது. அம்மாள் நடுவில் ஒருநாள் அதைப் பிரித்துத் துணிகளை உதறி, மறுபடி மடித்து வைத்தாள். போனில் தங்கையின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. "அக்கா, எப்ப வர்றே" என்பது "அக்கா, எப்ப" என்று குறைந்தது.

பிறகு தல ஆய்வு. படகுத்துறை என்பது தண்ணீரிலிருந்து பயன்படுவது, ஆகவே தண்ணீர் வழியாக வந்துதான் ஆய்வு செய்ய வேண்டும். ஆணையர் தம் விசைப்படகில் வருவார். ஆனால் வந்து இறங்க இடமில்லை, சேறு. ஆணையரின் பூட்ஸ் சேற்றில் படக் கூடாது. ஆகவே, துறை கட்டலாமா என்று ஆய்வு செய்ய வருகிறவர் இறங்குவதற்கு ஒரு துறை கட்டினார்கள்.

காலையில் ஆட்கள் வந்தார்கள், பத்து மணிக்குள் முடித்துவிட்டார்கள். கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஆடாமல் அசையாமல் ஒரு பலகைப் பாதை. ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேறு. அம்மாள் கொல்லைக் கதவில் நின்று பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அடேயப்பா, நான் கேட்டது இதைத்தானே!"

பிரேக் கிட்டே போய்க் குனிந்தார். ஓரமெல்லாம் போல்ட் துளை. நடுப் பலகையில் கருகிய வட்டம்.

"இது என் லாரிப் பலகை!"

"மறுபயன்பாட்டு மரம் ஐயா" என்றார் சிரிப்பு பெருமையாக. "சுற்றுச்சூழலுக்கு நல்லது."

அம்மாள் பையை எடுத்துக்கொண்டு தடியை ஊன்றி ஊன்றி வந்துவிட்டாள். பலகையில் ஒரு கால் வைத்தும்விட்டாள். சிரிப்பு ஓடி வந்து கைகூப்பினார்.

"அம்மா, அம்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க. இது ஆய்வு மேடை. ஆய்வுக்கு மட்டும்தான். அதோட நீங்க எங்க பதிவுல மூழ்கினவங்க. மூழ்கினவங்க மேடையில நின்னா ஆணையருக்கு என்ன பதில் சொல்றது?"

அம்மாளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, ஆணையர் இறங்கியதும் கொடுங்கள் என்றார்கள். ஆணையர் வந்தார், பலகையில் டக் டக் என்று நடந்தார், பூங்கொத்தை வாங்கினார், சேற்றைப் பார்த்தார்.

"இங்கே ஒரு துறை மிகவும் அவசியம்" என்றார். "மக்கள் எவ்வளவு கஷ்டப்படுறாங்க பாருங்க."

திரும்பவும் டக் டக் என்று நடந்து போய்ப் படகில் ஏறினார். படகு மறைந்ததும் ஆட்கள் கைப்பிடியைக் கழற்றினார்கள், பலகையைக் கழற்றினார்கள், கம்பத்தைப் பிடுங்கினார்கள். தலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. போகும் முன் சேற்றை மட்டப்படுத்தி விட்டுப் போனார்கள். அம்மாள் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. மடியில் பை.

கொஞ்ச நாளில் மறுபடி ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை தண்ணீரின் ஓரத்திலேயே இரண்டு கனத்த கம்பங்களை ஆழமாக, சிமென்ட் போட்டு நட்டார்கள். கம்பங்களின் மேல் ஒரு பெரிய அறிவிப்புப் பலகையை முடுக்கினார்கள். 'இவ்விடத்தில் தனியார் நீரணுகு கட்டமைப்பு பரிசீலனையில் உள்ளது' என்று ஆள் உயர எழுத்து. பக்கத்தில் ஆணையரின் முகம், சிரித்தபடி. பிரேக் பின்பக்கம் போய்ப் பார்த்தார். நாலு பலகை சேர்த்து அடித்தது. கருகிய வட்டம், ஆணையரின் முகத்துக்கு நேர் பின்னால்.

அன்று மாலை போன் வந்தது. அம்மாள் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். "அக்கா" என்று மட்டும்தான் கேட்டதாம். அதற்கு மேல் இல்லை.

மறுநாள் காலையில் பிரேக் ஆணையத்துக்குப் போனார். நேராக ஆணையரின் அறைக்குள். சிரிப்பு பின்னாலேயே ஓடினார். தண்ணீர் தந்தார்கள், பிரேக் தொடவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"எனக்கு எழுத்து சரியா வராது. சுத்தி வளைச்சுப் பேசவும் வராது. என் கொழுந்தியா சாகக் கிடக்கிறா. என் பொண்டாட்டி போகணும். பலகை போடலாமா, கூடாதா? ஒத்தை வார்த்தை."

"உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம்..."

"ஒத்தை வார்த்தை."

"பல கோணத்துல இதை..."

"போடலாமா, கூடாதா?"

"ஐயா, நடைமுறைன்னு ஒண்ணு..."

"போடலாமா, கூடாதா?"

லாரிக்காரனின் குரல். சுமையோடு மேடு ஏறுகிற மாதிரி, அதே வேகத்தில், அதே சத்தத்தில் வந்துகொண்டே இருந்தது. ஆணையரின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. சட்டென்று மேசையில் ஓங்கி அடித்தார்.

"முடியாதுய்யா!"

ஆபீசே உறைந்துபோனது. எங்கோ ஒரு கோப்பை கீழே விழுந்து உடைந்தது. சிரிப்பின் முகத்திலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு இறங்கியது. ஆணையர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிரேக்கின் முகமோ மலர்ந்துவிட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். லாரியோடு வந்த பெரிய ஸ்பேனரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மருமகனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அந்தப் பக்கத்தைப் பிடி."

"மாமா, இது முறையா?" என்றார் மருமகன். சொல்லிக்கொண்டே பிடித்தார்.

அறிவிப்புப் பலகையின் போல்ட்டைக் கழற்றினார்கள். கம்பங்கள் வேண்டிய இடத்தில், வேண்டியதைவிட உறுதியாக நின்றன. ஆணையமே நட்டுக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் தாழ்வாக ஒரு குறுக்குக் கட்டையை முடுக்கி, அறிவிப்புப் பலகையின் ஒரு தலையை அதன் மேலும், மறு தலையைக் கெட்டியான கரையிலும் வைத்தார்கள். முதல் தடவை பிரேக்குக்கு மட்டம் தப்பிவிட்டது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து மருமகன் சேற்றில் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை நின்றது. பிரேக் அதன் மேல் ஏறி நின்று, வலது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். அசையவில்லை.

அம்மாள் பையோடு வந்து தயங்கி நின்றாள்.

"ஏங்க, இதுல அந்த ஆளு மூஞ்சி இருக்கே. மூஞ்சி மேலயா கால் வைக்கிறது?"

"மக்களுக்காகவே இருக்கேன்னு மேடையில சொன்னாரு. வை."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. முகத்தை ஒதுக்கி, எழுத்துகளின் மேல் நடந்தாள். 'பரிசீலனையில்' என்ற இடத்தில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள். மறு காலையும் வைத்தாள். மூழ்கவில்லை.

அக்கரையில் தங்கை கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். பேசவில்லை. பையின் காதைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அம்மாள் அங்கேயே தங்கிக்கொண்டாள். பிரேக் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

இக்கரையில் ஒரே கூட்டம். ஆணையர், சிரிப்பு, ஊழியர்கள், படம் பிடிக்கிறவர்கள். பலகையின் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. மருமகன் ஓரமாக, சேறு காய்ந்த கால்சட்டையோடு நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். பலகையைப் பிடுங்கிப் போட ஆட்களோடு வந்தார்கள். வந்த இடத்தில் சிரிப்பு ஒரு விதியைக் கண்டுபிடித்தார். ஆணையத்தின் அறிவிப்புப் பலகையை நிறுவிய இடத்திலிருந்து எவரும் அகற்றக் கூடாது, ஆணையமேகூட. அது ஆணையர் போட்ட விதி. இந்தப் பலகையை எவரும் அகற்றவில்லை. அதே இடத்தில்தான் இருக்கிறது. படுக்கவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பலகை எவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று எவரும் எழுதவில்லை. பிடுங்கவும் முடியாது, 'முடியாது' என்று சொல்லவும் கூடாது. ஆகவே திறப்பு விழா.

ஆணையர் தம் முகத்தின் மேலேயே நின்றுகொண்டு பேசினார். "ஆணையத்தின் முதல் படகுத்துறை! அறிவிப்பும் துறையும் ஒரே பலகையில்! உலகத்துல எங்கேயாவது இப்படிச் சிக்கனம் பார்த்திருக்கீங்களா? இந்தப் பெரியவரோட கனவை நாங்க நனவாக்கியிருக்கோம்!"

பிரேக் படகைக் கட்டினார். நாடாவுக்குக் கீழே குனிந்து நுழைந்து மேலே வந்தார். ஆணையர் அவர் தோளில் கையைப் போட்டுப் படத்துக்கு நின்றார்.

"ஆணையத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா."

"என் பொண்டாட்டி உங்க கணக்குல மூழ்கிக் கிடக்கிறா. அவளை மேல எடுத்து விடுங்க, அப்புறம் பேசுறேன்."

சிரிப்பு பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். "அது பரிசீலனையில இருக்குங்க ஐயா." சிரிப்பு மறுபடி அவர் முகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பிரேக் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார். துடுப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டார். இடுப்பில் ஸ்பேனர் இருக்கிறதா என்று ஒருதடவை தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் கைதட்டல் கேட்டது. மருமகன் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்.

"மாமா, இப்படிப் பாதியில வந்தா எப்படி? அனுமதிதான் கொடுத்துட்டாங்களே. இன்னும் என்ன சந்தேகம்?"

பிரேக் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொடுக்கும்போது சிரிச்சானுங்க மாப்ளே" என்றார், நடந்துகொண்டே.